மரத்துக்கு ஆயுள் கொடுத்தவர்கள்

கொரியாவின் மலைக்கோயில்களையும் பழைய வீடுகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், வடக்கு கியோங்சாங் மாகாணத்துக்குத்தான் வழி சொல்வேன். சியோலிலிருந்து தென்கிழக்கே ரயிலேறினால், சோபெக் மலைத்தொடரைச் சுரங்கத்தில் கடந்ததும் யொங்ஜு வருகிறது. அதற்கடுத்து ஆண்டோங். யொங்ஜுவின் மலைச்சரிவில் பூசொக்சா கோயில். ஆண்டோங்கின் காட்டுக்குள் பொங்ஜொங்சா கோயில். அதே ஆண்டோங்கில் நாக்டோங் ஆற்றின் வளைவுக்குள் ஹாஹ்வே கிராமம். கோயில்கள் இரண்டும் 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஏழு கொரிய மலை மடாலயங்களில் அடங்குபவை. ஹாஹ்வே 2010இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. கொரிய மண்ணில் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் பெரும் பெயர் பெற்றவை இந்தச் சிறிய வட்டத்துக்குள் இருக்கின்றன.

கல்லால் கட்டிய கோயில் ஆயிரம் ஆண்டு நின்றால் அதில் வியப்பு குறைவு. மரம் அப்படி அல்ல. மழை, கரையான், தீ, போர் என்று அதற்கு எத்தனையோ பகை. கொரியாவின் பனிக்காலமும் கோடை மழையும் மாறி மாறி அடிக்கும் மலையில் ஒரு மரக்கூடம் எழுநூறு, எண்ணூறு ஆண்டு எப்படி நிற்கிறது? அந்தக் கேள்வியோடுதான் அக்டோபர் கடைசியில், இலைகள் நிறம் மாறும் பருவத்தில், அதிகாலை ரயிலைப் பிடித்தேன். சியோலில் வேலை பார்க்கும் நண்பர் உடன் வந்தார். யொங்ஜுவில் இறங்கி ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

பூசொக்சாவுக்குப் போகும் சாலையின் இருபுறமும் ஆப்பிள் தோட்டங்கள். கொரியாவில் ஆப்பிளுக்குப் பெயர்போன ஊர் இது. பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும் மலையடிவாரக் காலநிலை பழத்துக்கு இனிப்பைக் கூட்டுகிறதாம். பழங்கள் சீராகச் சிவக்கட்டும் என்று மரத்தடியில் வெள்ளிநிறத் தாளை விரித்து, வெயிலைக் கீழிருந்தும் பிரதிபலிக்கச் செய்திருந்தார்கள். கோயிலின் வண்டி நிறுத்துமிடத்தில் பாட்டிமார் கூடைகளில் ஆப்பிளைக் குவித்து வைத்து, வந்தவர் கையில் ஒரு துண்டை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து ஜிங்கோ மரங்கள் வரிசையாக நிற்கும் ஏற்றம் தொடங்குகிறது. இலைகள் மஞ்சளாகி, தரையும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. ஒரே வரிசைத் தூண்களில் நிற்கும் முதல் வாயிலைக் கடந்தால், திசைக் காவலர் நால்வரும் காவல் நிற்கும் இரண்டாம் வாயில். வடதிசைக் காவலரான வைசிரவணன் நாம் குபேரன் என்று அறிந்தவரேதான். இந்தியாவில் புறப்பட்ட தெய்வம் நடு ஆசியா, சீனம் என்று நடந்து, கவசமும் பூண்டு இந்த மலை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்.

அதற்கு மேல் கண்ணில் படுவதெல்லாம் கல் மேடைகள். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், படிப்படியாக மேடைகள் அமைத்து அவற்றின்மேல் கட்டடங்களை வைத்திருக்கிறார்கள். மேடைச் சுவரில் பெரிய கற்கள் எந்த வடிவில் கிடைத்தனவோ அதே வடிவில் இருக்கின்றன. இரண்டு பெருங்கற்களுக்கு இடையில் விழும் சந்துக்கு ஏற்ற சிறு கல்லைத் தேடி எடுத்துச் சொருகியிருக்கிறார்கள். ஒரு கல்லைப் போல இன்னொன்று இல்லை. ஆனாலும் சுவர் அசையவில்லை. இந்த மேடைகளை ஒன்பது நிலைகளாகக் கணக்கிட்டு, அமிதாப புத்தரின் தூய உலகமான சுகாவதியில் பிறவி எடுப்பதற்குச் சொல்லப்படும் ஒன்பது தகுதிகளோடு பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. ஏறுகிற காலுக்கு அந்த விளக்கம் பொருந்தியே தோன்றுகிறது. ஒவ்வொரு மேடையிலும் நின்று மூச்சு வாங்கும்போது, கீழே விட்டுவந்த ஊர் இன்னும் கொஞ்சம் சிறியதாகியிருக்கும்.

மணிமண்டபத்தைத் தாண்டியதும் பாதை நேரே போகாமல் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. மலையின் முதுகு திரும்பும் இடத்தில் கோயிலும் திரும்பிக்கொள்கிறது. எதிரே அன்யாங்னு என்ற மாடமண்டபம். அதன் தரைக்கு அடியில் குனிந்து புகுந்து படியேறி நிமிர்ந்தால், முதலில் ஒரு கல்விளக்கு. அதன் பின்னால் அகன்ற கூரையோடு முர்யாங்சுஜொன், அதாவது அளவிலா ஆயுள் கொண்ட அமிதாப புத்தரின் கூடம்.

பூசொக்சாவை நிறுவியவர் சில்லா நாட்டுத் துறவி உயிசாங். ஆண்டு 676. அப்போதுதான் சில்லா அரசு தீபகற்பத்தின் பெரும்பகுதியை ஒன்றாக்கிப் போர்களை முடித்திருந்தது. உயிசாங் சீனத்துக்குப் போய் ஜியான் என்ற ஆசிரியரிடம் அவதம்சக சூத்திரம் பயின்றவர். ஒவ்வொரு பொருளும் மற்ற எல்லாப் பொருள்களையும் தன்னுள் தாங்கியிருக்கிறது என்பது அந்த மரபின் தரிசனம். அதை அவர் 210 எழுத்துகளில் சுருக்கி, கோலம்போல வளைந்து வளைந்து ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு வரைபடமாக்கினார். கொரியத் துறவிகள் இன்றும் அதை ஓதுகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தின் கடைசிப் பகுதியான கண்டவியூகத்தில் சுதனன் என்ற இளைஞன் ஞானம் தேடி ஒவ்வோர் ஆசிரியராகப் போய்ப் பார்க்கிறான். அவர்களில் ஒருவர் மேகன். திராவிட நாட்டில் வஜ்ரபுரம் என்ற ஊரில் வாழ்பவராகச் சூத்திரம் அவரைக் காட்டுகிறது. சில்லாவுக்குப் பிறகு ஆண்ட கோர்யோ அரசின் காலத்துக் கொரிய ஓவியங்களில், நீர்க்கரையில் அமர்ந்த அவலோகிதேசுவரரின் காலடியில் சிறு உருவமாகக் கைகூப்பி நிற்பவன் இந்தச் சுதனன்தான். தென்னாட்டு ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்ட பையன் கொரியக் கோயில்களில் குடும்பத்துப் பிள்ளைபோல நடமாடுகிறான் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

உயிசாங்கைச் சுற்றி ஒரு காதல் கதையும் உண்டு. சீனத்தில் அவரைக் கண்டு மனம் பறிகொடுத்த பெண் சொன்ம்யோ. துறவியை மணக்க முடியாது என்று அறிந்ததும் அவரது அறத்துக்குத் துணையாக இருக்க உறுதி பூண்டாள். அவர் கப்பலேறிப் போய்விட்டார் என்று கேட்டுக் கடலில் பாய்ந்து நாகமானாள். கொரியா வரைக்கும் கப்பலைக் காத்து வந்தாள். இந்த மலையில் கோயில் எழுப்ப விடாமல் ஒரு கூட்டம் தடுத்தபோது, பெரும்பாறையை வானில் தூக்கிக் காட்டி அவர்களை விரட்டினாள் என்கிறது கதை. கோயிலின் பெயரே அந்த மிதந்த பாறையிலிருந்து வந்ததுதான். கூடத்தின் மேற்குப் பக்கத்தில் அந்தப் பாறையும், பின்னால் அவளுக்கென ஒரு சிறு சந்நிதியும் இருக்கின்றன.

முர்யாங்சுஜொன்னின் தூண்களைத்தான் கொரியர்கள் கொண்டாடுகிறார்கள். அடியும் தலையும் சற்றே சிறுத்து, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் மெல்லப் பருத்திருக்கும் தூண்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது நேரான தூண் நடுவில் ஒடுங்கியதுபோலத் தெரியும்; அந்தக் கண் மயக்கத்தைத் தச்சர்கள் இப்படிச் சரிசெய்திருக்கிறார்கள். மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சிறிது உயரம். உள்நோக்கிச் சிறிது சாய்வு. அதனால் அத்தனை பெரிய ஓட்டுக் கூரை பாரமாகத் தெரியவில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த கலை வரலாற்றாசிரியர் சோய் சுனு இந்தத் தூண்களில் ஒன்றில் சாய்ந்து நின்றதைப் பற்றி எழுதிய கட்டுரை, கொரியாவில் ஒரு தலைமுறையையே இந்த மலையேற வைத்தது. தூண்களில் வண்ணப்பூச்சு தேய்ந்து மரத்தின் நரம்பு தெரிந்தது. பலரின் தோள்பட்டு அந்த உயரத்தில் மட்டும் மெருகேறியிருந்தது.

செருப்பைக் கழற்றிப் பக்கக் கதவு வழியாக உள்ளே போனோம். நடுக்கதவு துறவிகளுக்கு உரியது. பக்தர்கள் பக்கக் கதவில்தான் நுழைய வேண்டும். உள்ளே மச்சு கிடையாது. உத்திரமும் கைமரமும் போதிகைகளும் ஒன்றையொன்று தாங்கி முகடு வரை ஏறுவதை அண்ணாந்து பார்க்கலாம். கோர்யோ காலத்துச் சுதையுருவான புத்தர் வாசலை நோக்கி அமரவில்லை. கூடத்தின் மேற்குக் கோடியில் அமர்ந்து கிழக்கே பார்க்கிறார். அமிதாபரின் உலகம் மேற்கே இருப்பதாகச் சொல்வது மரபு. ஆகவே வணங்குபவர் மேற்கு நோக்கி வணங்கும்படி அமைத்திருக்கிறார்கள். முற்காலத்தில் தரையில் பச்சை மெருகேற்றிய செங்கற்கள் பதித்திருந்தனவாம். நீலமணி பதித்த சுகாவதியின் தரையை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது.

1358இல் எதிரிகள் வைத்த தீயில் இந்தக் கூடம் எரிந்தது; 1376இல் மறுபடி எழுந்தது. இந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்றால், 1916இல் கட்டடத்தைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது கிடைத்த மை எழுத்தின் வாயிலாக. கட்டியவர்கள் தங்கள் வேலைக்கு ஒரு குறிப்பு எழுதிக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போதோ ஒருநாள் யாரோ இதைப் பிரிப்பார்கள், பிரித்தால்தான் இது பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் நான் கொண்டுவந்த கேள்விக்கு விடையின் முதல் பாதி அங்கே கிடைத்தது.

மேலே ஏறினால் உயிசாங்குக்கான சிறு மண்டபம், 1377இல் கட்டியது. அதன் இறவாரத்துக்கு அடியில் கம்பி வேலிக்குள் ஒரு செடி நிற்கிறது. உயிசாங் ஊன்றிய கைத்தடி துளிர்த்தது என்று நம்பிக்கை. கீழே இறங்குமுன் அன்யாங்னுவின் ஓரத்தில் நின்று பார்த்தோம். சோபெக் மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி, கடைசி அடுக்கு வானத்தோடு கரைந்திருந்தது. அந்த மலைகள் அனைத்தையும் கோயிலின் முற்றமாக்கும்படி இடம் தேர்ந்த கண்ணை வணங்காமல் இருக்க முடியாது.

ஒரு மணி நேரம் தெற்கே ஓட்டினால் ஆண்டோங். வழியில் உண்ட மதிய உணவையும் சொல்ல வேண்டும். ஆண்டோங் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர். ஆனால் அதன் புகழ்பெற்ற உணவு உப்பிட்ட கானாங்கெளுத்தி. கிழக்குக் கடற்கரையிலிருந்து மலைகளைக் கடந்து மீன் சுமந்து வந்தவர்கள், அது கெட்டுப்போகும் முன் வழியில் உப்பிட்டார்கள். ஊர் வந்து சேரும்போது உப்பு சரியாக ஊறியிருக்கும். தூரமே சமையல்காரனாக இருந்திருக்கிறது. கூடவே வந்தது முன்னோர் படையல் உணவின் வகையில் ஒரு கலந்த சோறு. பூண்டும் மிளகாயும் சேராமல் வதங்கிய கீரைகளும் வேர்களும் சோயா சாற்றோடு சோற்றில் கலக்கின்றன. படையலுக்கு நெடி கூடாது என்ற விதி நாக்குக்கு ஓர் அமைதியைத் தந்தது.

பொங்ஜொங்சா இருப்பது சொந்துங் மலையில். பூசொக்சாவின் விரிவு இதற்கு இல்லை. ஓக் மரங்களும் பைன் மரங்களும் நெருங்கிய காட்டுப் பாதையில் ஏறினால், கரடுமுரடான கற்படிகளின் உச்சியில் மான்செரு என்ற மாடமண்டபம் வழிமறிக்கிறது. இதற்கும் அடியில் புகுந்துதான் போக வேண்டும். அங்கே நண்பர் என்னை நிறுத்தி, தூண்களின் அடியைப் பார்க்கச் சொன்னார். தூண் நிற்கும் கல் செதுக்கப்படவில்லை. மேடு பள்ளத்தோடு காட்டில் கிடந்த கல். அந்தக் கல்லின் ஏற்ற இறக்கத்தைத் தூணின் அடியில் கோடாக வரைந்துகொண்டு, மரத்தை அதற்கேற்பக் குடைந்து உட்கார வைத்திருக்கிறார்கள். கல்லும் மரமும் பல்லோடு பல் கடித்ததுபோலப் பொருந்தியிருக்கின்றன. கல்லைச் சமன்செய்வதைவிட இது கடினமான வேலை. கட்டடத்தை நிலத்துக்கு ஏற்ப மாற்றலாம், நிலத்தைக் கட்டடத்துக்கு ஏற்ப மாற்றத் தேவையில்லை என்ற முடிவு ஒவ்வொரு தூணடியிலும் எழுதியிருக்கிறது.

இந்தக் கோயிலை 672இல் உயிசாங்கின் சீடர் நுங்கின் நிறுவினார் என்பது மரபு. முற்றத்தில் தேவுங்ஜொன் என்ற தலைமைக் கூடம். அதற்கு மேற்கே அடுத்த முற்றத்தில் குங்னாக்ஜொன் என்ற சிறிய கூடம். மூன்று அறை அகலமும் எளிய இருசரிவுக் கூரையும் கொண்டது. நடுவே ஒரு கதவு, இருபுறமும் கம்பிச் சட்டமிட்ட சன்னல்கள். ஆடம்பரம் எதுவும் இல்லாததால் பலர் இதை ஒரு பார்வையில் கடந்துவிடுவார்கள். ஆனால் கொரியாவில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களில் மிகப் பழையது இதுதான்.

1972இல் இதைப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். அப்போது முகட்டு உத்திரத்தில் ஓர் எழுத்துக் குறிப்பு கிடைத்தது: 1363இல் கூரை பழுதுபார்க்கப்பட்டது என்று. ஒரு கூடத்துக்குப் பெரிய கூரை வேலை தேவைப்பட, கட்டி நூறு, நூற்றைம்பது ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். எனவே இதை 1200ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டியிருப்பார்கள் என்று அறிஞர்கள் கணித்தார்கள். அதுவரை மிகப் பழையது என்ற பெருமை பூசொக்சாவின் கூடத்துக்கு இருந்தது. என் மனத்தில் தைத்தது அந்தக் குறிப்பின் இயல்பு. கட்டிய நாளின் பெருமையைச் சொல்லும் கல்வெட்டு அல்ல அது. பழுதுபார்த்தவர்கள் வைத்துப்போன குறிப்பு. கொரியாவின் மிகப் பழைய கட்டடம் தன் வயதை ஒரு கூரை வேலையின் தேதியால் நிறுவுகிறது.

இரண்டு கூடங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது கொரியத் தச்சுக்கலையின் பாடம் படிப்பதுபோல. குங்னாக்ஜொன்னில் போதிகைகள் தூண்களின் தலையில் மட்டும் இருக்கின்றன. கோர்யோவை அடுத்து வந்த ஜோசொன் அரசின் தொடக்க காலத்தைச் சேர்ந்த தேவுங்ஜொன்னில் தூண்களுக்கு இடையிலும் போதிகைக் கொத்துகள் நெருங்கி, கூரையின் பாரத்தைப் பங்கிட்டு இறவாரத்தை வெகுதூரம் வெளியே தள்ளுகின்றன. அதன் முன்புறம் கைப்பிடி வைத்த மரத் திண்ணை ஒன்றும் உண்டு. கோயிலின் தலைமைக் கூடத்தில் இப்படி ஒரு திண்ணை கொரியாவில் அரிது. மேலே வண்ணம் மங்கியிருக்கிறது; புதிதாகத் தீட்டாமல் அப்படியே விட்டிருப்பதை நான் பெரிய நாகரிகமாக மதிக்கிறேன்.

கிழக்கே சில படிகள் ஏறினால் யொங்சானம் என்ற சிறு துறவகம். சின்னஞ்சிறு கட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்திருக்கின்றன. முற்றம் சமதளமில்லை, பாறை ஒரு பக்கம் எழுந்திருக்க, அதன் பக்கத்தில் வளைந்த பைன் மரம். பே யோங்கியூன் இயக்கி, 1989இல் லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற படத்தை இங்கே எடுத்தார்கள். போதிதர்மர் ஏன் கிழக்கே போனார் என்ற கேள்வியே அந்தப் படத்தின் பெயர். காஞ்சிபுரத்தோடு நாம் சேர்த்துச் சொல்லும் அதே போதிதர்மரைத்தான் கொரியாவின் சொன் (ஜென்) துறவிகள் தங்கள் ஆசிரிய பரம்பரையின் வேராகக் கொள்கிறார்கள். அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, மூத்த துறவியும் இளையவரும் ஒரு சிறுவனும் மட்டும் வாழும் அந்தப் படத்தின் உலகம் எவ்வளவு சிறிய இடத்தில் உருவானது என்று தெரிந்தது.

கோயில்கள் ஏன் இப்படி மலைக்குள் இருக்கின்றன? தியானத்துக்கு ஏற்ற இடம் என்பது ஒரு காரணம். வரலாறும் சேர்ந்துகொண்டது. 1392இல் தொடங்கிய ஜோசொன் அரசு கன்பூசிய நெறியைத் தன் கொள்கையாக்கி, புத்த மடங்களின் நிலங்களைப் பறித்தது. துறவிகள் தலைநகருக்குள் நுழையவும் தடை விதித்தது. அந்தத் தடை 1895 வரை நீடித்தது. நகரக் கோயில்கள் அழிந்தன. மலையில் இருந்தவை தங்கள் நிலத்தை உழுதும் காகிதம் செய்தும் தாக்குப்பிடித்தன. ஆனாலும் இரு நெறிகளுக்கும் நடுவே கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. கொரியாவின் ஆயிரம் வோன் நோட்டில் முகம் பதிந்திருக்கும் கன்பூசிய அறிஞர் யி ஹ்வாங் இளமையில் பொங்ஜொங்சாவில் தங்கிப் படித்தவர். அவருடைய நினைவாக ஓடையோரத்தில் 1665இல் எழுப்பிய மண்டபம் ஏறும் வழியில் இருக்கிறது. அவருடைய மாணவர் ஒருவரின் ஊர்தான் ஹாஹ்வே.

பிற்பகல் வெயிலில் ஹாஹ்வே போய்ச் சேர்ந்தோம். முதலில் ஆற்றின் மறுகரையில் 64 மீட்டர் உயரம் நிற்கும் புயோங்தே பாறைமேல் ஏறினால் ஊரின் வடிவம் புரியும். நாக்டோங் ஆறு ஊரை மூன்று பக்கமும் சுற்றி வளைந்து போகிறது. நடுவில் கறுப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றைச் சுற்றி வைக்கோல் கூரைகள், அவற்றுக்கு வெளியே அறுவடை முடியும் வயல்கள். கரையோரம் ஒரு பைன் தோப்பு. எதிரே நிற்கும் இந்தப் பாறையின் கடுமையைத் தணிக்க 16ஆம் நூற்றாண்டில் இவ்வூரைச் சேர்ந்த ர்யூ உன்ர்யோங் நட்டது அந்தத் தோப்பு. ஊரை ஆற்றில் மிதக்கும் தாமரை என்றும் படகு என்றும் ஊரார் கருதினார்கள். படகில் பாரம் கூடாது என்பதால் மதில்களைக் கல் இல்லாமல் மண்ணை இடித்தே எழுப்பினார்களாம். படகில் ஓட்டை விழக் கூடாது என்பதால் கிணறும் தோண்டவில்லையாம்.

ஊருக்குள் நடந்தால் அந்த மண் மதில்களுக்கு இடையில்தான் வழி. கொரிய வீடுகள் பொதுவாகத் தெற்கு பார்க்கும். இங்கே வீடுகள் நடுவிலிருக்கும் பழைய ஜெல்கோவா மரத்துக்கு முதுகைக் காட்டி, ஆற்றை நோக்கி நாலா திசையும் பார்க்கின்றன. அந்த மரத்துக்கு வயது 600க்கு மேல். ஊர்த் தெய்வம் அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. வேண்டுதல் எழுதிய வெள்ளைத் தாள்களை அதைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார்கள்.

ஊர் ர்யூ குலத்தாருடையது. அவர்களில் பெரும் பெயர், யி ஹ்வாங்கின் மாணவரான ர்யூ சொங்ர்யோங் (1542–1607). 1592இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்து தொடங்கிய போரில் நாட்டின் தலைமை அமைச்சராகச் சுமை தாங்கியவர். கடற்படைத் தளபதி யி சுன்ஷினை உரிய பதவிக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. போர் முடியும் நேரத்தில் பதவி பறிபோய் ஊர் திரும்பி, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் தம் இல்லத்தில் அமர்ந்து போரின் வரலாற்றை எழுதினார். நாட்டின் பிழைகளை, தம் காலத்து ஆட்சியின் பிழைகளை, பின்வருபவர் திருந்த வேண்டும் என்று பதிவு செய்த ஜிங்பிரோக் என்ற அந்நூல் இன்று கொரியாவின் தேசியப் பொக்கிஷம். அந்த இல்லத்தைக் கட்ட அவருக்குக் கைகொடுத்தவர் தான்ஹோங் என்ற புத்தத் துறவி. மலைக்கும் ஊருக்கும் இருந்த உறவுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அத்தனை பெரிய பதவியிலிருந்தும் அவர் சொத்து சேர்க்கவில்லை. சுங்ஹ்யோதாங் என்ற பெரிய வீடு அவர் மறைந்த பிறகு பேரன் காலத்தில் எழுந்தது. 1999 ஏப்ரல் 21 அன்று, தம் 73ஆம் பிறந்தநாளில், பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் காலணியைக் கழற்றிவிட்டு ஏறியது இந்த வீட்டில்தான்.

பழைய வீடுகளின் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கையால் தொட்டே அறியலாம். குளிருக்கான அறைகளின் தரைக்கு அடியில் கல் பலகைகளும் புகை ஓடும் கால்வாய்களும் இருக்கின்றன. சமையலறை அடுப்பில் எரியும் விறகின் சூடும் புகையும் தரையடியில் ஓடி, மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். சோறு வேகும் அதே தீயில் அறையும் சூடாகிறது. கோடைக்கோ அறைகளுக்கு நடுவே திறந்த மரத்தரைக் கூடம். தரைக்குக் கீழும் காற்று போகும். அதன் கதவுகளை மேலே தூக்கிக் கூரைக் கொக்கியில் மாட்டிவிட்டால் சுவரே இல்லாமல் போய்விடும். பனிக்கு ஒரு வீடு, வெயிலுக்கு ஒரு வீடு என்று இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் பகுதி வாசல் பக்கம். பெண்கள் பகுதி உள்முற்றத்தில். அந்த உள்முற்றத்தில் ஆண்டு முழுதும் முன்னோர் படையல்களுக்குச் சமைத்துப் பரிமாறிய மூத்த மருமகள்களின் உழைப்பில்தான் இந்தக் குலத்தின் பெருமை நின்றது. பெயர்ப்பலகைகளில் அவர்கள் பெயர் இல்லை.

வடக்குத் தெருவின் பெரிய வீடான புக்சோன்தேக்குக்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வீட்டை விரிவாக்க ர்யூ தோசொங் பைன் மரங்களை வெட்டி ஆற்றங்கரையில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் காய வைத்திருந்தார். ஒரு கோடை வெள்ளத்தில், இரவில், ஊரார் வந்த படகு கவிழ்ந்தது. அவர் காய்ந்த மரங்களில் ஒரு பகுதியை ஆற்றில் தள்ளி மிதவையாக்கினார். மீதியைக் கொளுத்தி வெளிச்சம் காட்டினார். பலர் பிழைத்தார்கள். வேறு மரம் வெட்டிக் காயவைக்க மேலும் ஆண்டுகள் ஆயின. வீடு 1862இல்தான் முடிந்தது. அந்த வீட்டின் தூண்களைத் தொட்டபோது, அவை இரண்டாம் முறை வெட்டிய மரங்கள் என்பதே அவற்றின் மதிப்பு என்று தோன்றியது.

ஓட்டு வீடுகளைச் சுற்றி நிற்பவை அவர்களுக்கு உழைத்தவர்களின் வைக்கோல் வீடுகள். அந்த மக்களின் கலை ஹாஹ்வேயின் முகமூடிக் கூத்து. ஆல்டர் மரத்தில் செதுக்கிய கோர்யோ காலத்து முகமூடிகள் தேசியப் பொக்கிஷமாகப் பாதுகாப்பில் இருக்கின்றன. பிரபுவின் முகமூடியில் தாடை தனியாகக் கட்டியிருக்கும். தலையை நிமிர்த்தினால் சிரிக்கும், குனிந்தால் சினக்கும். பிரபுவையும் பண்டிதனையும் துறவியையும் நேருக்கு நேர் எள்ளும் இந்தக் கூத்தை அதே பிரபுக்கள் பொருள் கொடுத்து நடத்தவிட்டார்கள். 1928க்குப் பிறகு நின்றுபோன கூத்தை நினைவுகளிலிருந்து மீட்டெடுத்து இன்று ஆடுகிறார்கள். கொரிய முகமூடி ஆட்டங்கள் 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு வைக்கோல் வீட்டில் விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடும் மூதாட்டி எங்களுக்குப் பார்லி தேநீர் கொடுத்தார். அறுவடை முடிந்ததும் புது வைக்கோலில் கயிறு திரித்து, கூரை மாற்றுவார்கள் என்றார். ஒவ்வோர் ஆண்டும் இந்த வேலை உண்டு. பிறகு பேச்சு 2025 மார்ச் மாதத் தீக்குத் திரும்பியது. அண்டை வட்டமான உயிசொங்கில் பற்றிய காட்டுத்தீ பலத்த காற்றில் ஆண்டோங்கையும் தாண்டிக் கடற்கரை வட்டம் வரை பாய்ந்தது; பலர் இறந்தார்கள். ஹாஹ்வே மக்களை வெளியேறச் சொன்னார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து வைக்கோல் கூரைகளையும் மதில்களையும் நனைத்துக்கொண்டே இருந்தன. ஊர் தப்பியது. பொங்ஜொங்சாவும் தப்பியது. ஆனால் அதே உயிசாங் 681இல் நிறுவிய கோவுன்சா கோயில் மார்ச் 25 அன்று எரிந்தது. ஓடைமேல் நின்ற 17ஆம் நூற்றாண்டு மண்டபமான கவுன்ருவும் சாம்பலானது.

பேசும்போது மூதாட்டியின் கை கூரை இருக்கும் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் எனக்கு விடையின் மறுபாதி கிடைத்தது. இந்த மரக்கட்டடங்கள் தாமாக எழுநூறு ஆண்டு நிற்கவில்லை. யாரும் தொடாமல் விட்டிருந்தால் ஒரு நூற்றாண்டில் முகடு சரிந்திருக்கும். ஒரு தலைமுறை கூரையைப் பிரித்தது, அடுத்தது தூணின் அடியை மாற்றியது, இன்னொன்று எரிந்ததை எழுப்பியது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னே வேலை செய்தவரின் கைப்பழக்கத்தைப் படித்து, அதே வழியில் செய்தார்கள். பழமை என்று நாம் வியப்பது இடைவிடாத இந்தப் பராமரிப்பைத்தான்.

இந்தப் பயணத்தை மேற்கொள்பவர்களுக்குச் சில சொற்கள். காலை முதல் ரயிலில் யொங்ஜுவில் இறங்கி, இரவு ஆண்டோங்கில் ஏறித் திரும்பினால் மூன்று இடங்களும் ஒரு நாளில் அடங்கும். பேருந்துகள் குறைவு, கார் இருந்தால் நல்லது. 2023 மே முதல் இரு கோயில்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஹாஹ்வேயில் மக்கள் குடியிருக்கும் வீடுகள் பல. திறந்த கதவெல்லாம் நமக்காகத் திறந்ததல்ல. மலையிலும் ஊரிலும் புகைபிடிக்கவோ தீ மூட்டவோ கூடாது என்ற விதியை, 2025க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கோவுன்சாவை மறுபடி கட்ட வேண்டும். கொரியர்கள் கட்டுவார்கள் என்று நான் நம்புகிறேன். 1358இல் எரிந்த கூடத்தை 1376இல் எழுப்பிய மரபு அது. புதிய மரத்தில் எழுந்தாலும் அதைப் பழைய கோயில் என்றே அழைப்பேன். ஒரு கட்டடத்தை மறுபடி கட்டத் தெரிந்த கைகள் ஒரு நாட்டில் இருக்கும் வரை அது அழிந்ததாகக் கணக்கில்லை. அந்தக் கைகள் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே பாரம்பரியப் பட்டியல்கள் எல்லாவற்றையும்விட முதன்மையான பாதுகாப்பு.